தீப்பெட்டியில் இருக்கும் கல் என்னுடையது அல்ல

எனக்குக் கல் என்று ஊருக்குச் சொன்னது நீங்கள்தான், மச்சான். வேறு யாரும் இல்லை. டாக்டர் சொல்லவில்லை, ஸ்கேன் எடுத்த பெண் சொல்லவில்லை, உங்கள் தங்கை சொல்லவில்லை. என் வயிற்றில் இல்லாத ஒரு கல்லை உண்டாக்கி பஜார் முழுக்கச் சுற்றவிட்டது நீங்கள்.

படிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கொடைக்கானல் பஜாரில் நான் ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் விற்கிறேன். நேர் எதிரே அவருடைய செருப்புக் கடை. முப்பது வருடமாக நான் நிமிர்ந்தால் அவர் முகம், அவர் நிமிர்ந்தால் என் முகம். இதில் இரண்டு பேருக்குமே பெரிய சந்தோஷம் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் எனக்குச் சிறுநீர் ரோஸ் மில்க் நிறத்தில் போனது. மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை.

"நேத்து பீட்ரூட்டு தின்னீங்கள்ல. அதான்."

சரி என்று பீட்ரூட்டை விட்டேன். ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் பீட்ரூட் இல்லாமலேயே போனது, இந்த முறை நன்னாரி சர்பத் மாதிரி. வலி இல்லை, எரிச்சல் இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வலிக்காததால் நான் மரியாதை கொடுக்கவில்லை. சீசன் நேரம் வேறு. தொப்பி கேட்டு வருகிறவனிடம், இருங்கள், எனக்குச் சிவப்பாகப் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றா சொல்ல முடியும். ஒன்றரை மாதம் அப்படியே ஓட்டினேன். அந்த ஒன்றரை மாதத்துக்கு மச்சானைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது என் சொந்த மடத்தனம்.

கடைசியில் மனைவியே பிடித்துத் தள்ளினாள். மதுரையில் ஒரு சின்ன வயது டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூத்திரப்பைல ஒரு வளர்ச்சி இருக்கு" என்றார்.

"வளர்ச்சின்னா? கேன்சர்னா கேன்சர்னே சொல்லுங்க."

"எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். பாக்குறதுக்கு அப்பிடித்தான் இருக்கு. சிகரெட் உண்டா?"

"இருபது வருசம் பீடி. விட்டுப் பத்து வருசமாச்சு."

"நீங்க விட்டுட்டீங்க. உடம்பு மறக்கல."

தொண்டைக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும் என்று தெரியும். படம் போட்டுத்தானே விற்கிறார்கள். மூத்திரப்பைக்கு எப்படிப் போகும் என்று கேட்டேன். புகையின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் அதை வடிகட்டி, கடைசியில் அந்தப் பையில்தான் தேங்கிக் கிடக்கும் என்றார். அதாவது என் உடம்புக்குள் பார்க்க என்னென்ன இடம் உண்டோ எல்லாவற்றையும் டூரிஸ்ட் மாதிரிச் சுற்றிவிட்டு, கடைசியில் ஏரிக்கரைக்கு வந்து குப்பையைப் போட்டிருக்கிறது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். கத்தி வைக்கவில்லை. சிறுநீர் வருகிற வழியிலேயே கருவியை விட்டு உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் டிவி மாதிரி ஒன்றில் எல்லாம் தெரிந்தது. கடலுக்கடியில் பாசி ஆடுவது மாதிரி என் மூத்திரப்பைக்குள் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

பத்து நாள் கழித்து ரிசல்ட். கேன்சர்தான். ஆனால் சதைக்குள் இறங்கவில்லை, மேல்தோலோடு நிற்கிறது. அது நல்ல செய்தி. திரும்பத் திரும்ப வளருகிற ரகம். அது கெட்ட செய்தி. வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் மூத்திரப்பைக்குள் ஒரு மருந்தை விட வேண்டும், அப்புறம் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"சுத்தமா இருந்தா?"

"பையக் காப்பாத்திட்டோம்."

"இல்லாட்டி?"

"பைய எடுக்குறதப் பத்திப் பேசணும்."

ஆக, ஆறு வாரம். ஆறு தடவை. அதில்தான் என் மூத்திரப்பை எனக்கா, அவர்களுக்கா என்று முடிவாகும்.

ஆபரேஷன் முடிந்து சிறுநீர் வடியப் போட்டிருந்த குழாயையும் பிளாஸ்டிக் பையையும் கழற்றிய பிறகு முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்து செருப்பை மாட்டும்போது ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். மெலிந்துவிட்டீர்களே, கடை பூட்டிக்கிடந்ததே, மதுரையில் என்ன சோலி என்றெல்லாம் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"கல்லு. சின்னக் கல்லுதான். எடுத்தாச்சு."

எல்லோர் முகத்திலும் சட்டென்று ஒரு நிம்மதி. கல் என்றால் யாருக்கும் பயமில்லை. கல் எல்லோர் வீட்டிலும் உண்டு. ஒருவர் தன் சித்தப்பாவுக்கு ஒரே நேரத்தில் மூன்று இருந்தது என்றார், என்னவோ சித்தப்பா பரிசு வாங்கிய மாதிரி. நான் தலையை ஆட்டினேன். மறைக்க மாட்டேன், ஆட்டினேன். அந்த நேரத்தில் அது எனக்கும் வசதியாக இருந்தது. கேன்சர் என்றால் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும், எனக்கு முன்னால் என் மனைவியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். வழியில் மச்சான் சொன்னார்:

"எதுக்கு மாப்ள அந்த வார்த்தையச் சொல்லிக்கிட்டு. கல்லுன்னு சொன்னா நாலு நாள்ல மறந்துருவாங்க."

மறக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து வாழைத்தண்டு வர ஆரம்பித்தது.

கல்லுக்கு வாழைத்தண்டு என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதிலும் சுற்றிலும் மலைவாழை விளைகிற ஊர். டீக்கடைக்காரர் இரண்டு தண்டு கொடுத்தனுப்பினார். பள்ளங்கியிலிருந்து கேரட் கொண்டுவருகிற அம்மா மூட்டையோடு மூட்டையாக ஒன்றை இறக்கினார். சாக்லேட் கடைக்காரர் தண்டைப் பரிசுத் தாளில் சுற்றிக் கொடுத்தார், அவருக்குக் கை பழகிவிட்டது. வீட்டில் தண்டுப் பொரியல், தண்டுக் கூட்டு, தண்டு மோர்ப்பச்சடி, தண்டு சூப். ஒரு நாள் என் மனைவி சமையலறை வாசலில் குவிந்திருந்ததைப் பார்த்து அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, நம்ம வீட்டுல மனுசன் இருக்கானா, யானை கெடக்குதா?"

"ஒங்க அண்ணனக் கேளு."

"அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லிருக்கும்."

"அப்ப இத அண்ணன் வீட்டுக்கு அனுப்பு."

அனுப்பினாள். மச்சான் வீட்டிலும் பொரியல்.

மருந்து நாள் புதன்கிழமை. ஒவ்வொரு புதனும் வெள்ளனே கிளம்பி மச்சான்தான் தன் வேனில் என்னைக் கூட்டிப்போனார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வருவார். வளைவுகளில் எனக்காக மெதுவாக ஓட்டுவார். பொய் சொல்கிறவர்தான், ஆனால் பிரேக்கை மிதிக்கத் தெரிந்தவர்.

முதல் நாள் நர்ஸ் ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். என்ன மருந்து என்று கேட்டேன். குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசி இருக்கிறதே, அதே மருந்துதான் என்றார்.

"அத இங்க எதுக்கு ஊத்துறீங்க?"

"உள்ள போயி ஒங்க ஒடம்ப உசுப்பிவிடும். ஒடம்பு கோவப்பட்டு கேன்சரோட சண்ட போடும்."

கோபத்துக்கு என்னிடம் பஞ்சமே இல்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குழாயைச் செருகினார். நானும் சிரிக்கவில்லை.

நிபந்தனைகள் இரண்டு. மருந்துக்கு நாலு மணி நேரம் முன்பிருந்து எதுவும் குடிக்கக் கூடாது. மருந்தை இரண்டு மணி நேரம் உள்ளே அடக்கி வைத்திருக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க, குப்புற என்று திரும்பிப் படுக்க வேண்டும். மருந்து எல்லாச் சுவரிலும் படுவதற்காம். கல்லில் பரோட்டா கிடக்கிற மாதிரி கிடந்தேன். மச்சான் பக்கத்தில் நாற்காலி போட்டு, போனில் மணி பார்த்து, "மாப்ள, பெரட்டுங்க" என்பார்.

அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, கால் மணி விட்டுத்தான் தண்ணீர் அடிக்க வேண்டும். எதிர் லாட்ஜில் அதற்காகவே ஓர் அறை எடுத்தோம். நர்ஸ் கடைசியாகக் கண்டிப்பான முகத்தோடு சொன்னார்:

"முக்கியமா, உக்காந்துதான் போகணும். நின்னுக்கிட்டுப் போகக் கூடாது, தெறிக்கும். ஆம்பளைங்க யாரும் கேக்க மாட்டேங்குறாங்க."

"சிஸ்டர், எங்க வீட்டுல ஆம்பளைங்க எல்லாருமே உக்காந்துதான் போவோம். எங்க மார்க்கம் அப்பிடி."

அப்போதுதான் அவர் சிரித்தார். அந்த ஆஸ்பத்திரியில் நான் நல்ல பெயர் வாங்கிய ஒரே விஷயம் அதுதான். அதையும் மூன்றாவது வாரம் கெடுத்துக்கொண்டேன்.

அது எப்படி என்றால், வடகவுஞ்சியில் ஒரு விவசாயி இருக்கிறார். அறுபது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மலைவாழைத் தார் கொண்டுவருகிறவர். எனக்கு வந்த தண்டில் பாதி அவர் தந்தது. கடைக்கு வந்தால் குல்லாவை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவார். எனக்கு அவரைப் பிடிக்கும். நான் புதன்கிழமை மதுரைக்குப் போவதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது புதன் பெருமாள்மலைப் பிரிவில், பழனி ரோடு வந்து சேருகிற இடத்தில், கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். கையில் எவர்சில்வர் தூக்கு.

"பாய், தண்டுச் சாறு. வீட்டுல விடியுமுன்ன அரைச்சது. மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன். வெரசாக் குடிங்க, நிறம் மாறிரும்."

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார்.

"குடிச்சிருங்க மாப்ள. வேண்டாம்னா ஏன்னு கேப்பாரு."

அவர் அந்தக் குளிரில் துண்டைக் காதில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். ஒரு டம்ளர் குடித்தேன். மீதியை வழியில் குடிக்கச் சொல்லித் தூக்கை மடியில் வைத்தார். வத்தலக்குண்டைத் தாண்டியதும் கீழ்நாட்டு வெயில். நாக்கு வறண்டது. எதுவும் என்றால் தண்ணீரைத்தானே சொன்னார்கள், இது சாறுதானே என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். மதுரைக்குள் நுழையும்போது தூக்கு காலி. அறுபத்திரண்டு வயது மனிதன் யோசிக்கிற லட்சணம் அது.

மருந்தை விட்டார்கள். இடது பக்கம் ஆயிற்று. வலது பக்கம் ஆயிற்று. மல்லாக்கத் திரும்பும்போது வெடித்துவிடும் போல இருந்தது. மச்சானிடம், பேச்சுக் கொடுங்கள் என்றேன். அவர் பேச்சுக் கொடுக்கிறேன் என்று போன வாரம் வெள்ளி அருவியில் தண்ணீர் எப்படிக் கொட்டியது என்று ஆரம்பித்தார். நாற்பதாவது நிமிடத்தில் கழிப்பறைக்கு ஓடினேன். உட்கார்ந்துதான் போனேன். ஆனால் மருந்து போய்விட்டது.

நர்ஸ் என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"வாழத்தண்டா? அது மூத்திரத்தப் பெருக்குறதுக்குல்ல குடிப்பாங்க. யாரு குடுத்தா?"

"எனக்கு இல்லாத கல்லுக்கு ஒருத்தரு குடுத்தாரு."

அவருக்குப் புரியவில்லை. டாக்டர் வந்து, நாற்பது நிமிடமாவது நின்றதே, அடுத்த வாரம் எதையும் தொடாமல் வாருங்கள் என்று போய்விட்டார். திரும்பி வரும்போது காலித் தூக்கை மடியிலேயே வைத்துக்கொண்டு மலை ஏறினேன். எனக்கு இருந்தது ஆறு. அதில் ஒன்றைப் பாதி கொட்டிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடகவுஞ்சிக்காரர் தூக்கை வாங்கக் கடைக்கு வந்தார். குல்லா எதையும் எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாய், ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்கு எத்தன தண்டுல கல்லு விழுந்துச்சு?"

"ஏண்ணே?"

"எனக்கும் ரெண்டு மாசமா செவப்பாப் போகுது. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒங்களுக்கு அரைக்கும்போதே நானும் ஒரு டம்ளர் குடிச்சிக்கிறேன். இன்னும் விழல."

செவப்பு. வலி இல்லை. இரண்டு மாதம். அவருக்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கல்லாகவே இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் பார்க்காமல் விடக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, எனக்குக் கல்லே இல்ல. எனக்கு வந்தது கேன்சர். மூத்திரப்பைல. அதுக்குத்தான் மதுரைக்குப் போறேன். நீங்களும் வாங்க, இந்தப் புதன் எங்க வண்டியிலயே போவோம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

"வெளாடாதீங்க பாய். கேன்சர் வந்தவரு இப்பிடியா ஒக்காந்து யாவாரம் பாப்பாரு? நாந்தான் ஒங்க கல்லையே பாத்தேனே."

"எந்தக் கல்லு?"

"ஒங்க மச்சான் தீப்பெட்டியில வச்சிருக்காருல்ல. டீக்கடையில எல்லாருக்கும் காட்டுனாரு. பட்டாணி தண்டி இருந்துச்சு."

ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக் காட்டினேன். எல்லாம் இங்கிலீஷ். பேப்பரில் ஆயிரம் எழுதுவார்கள், கல்லைக் கண்ணால் பார்த்தது என்று சொல்லிவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரோட்டைத் தாண்டி மச்சான் கடைக்குப் போனேன். ஒரு அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா போகிற வரை நின்றேன்.

"எடுங்க மச்சான்."

"எத?"

"என் கல்ல."

மேசை டிராயரிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பஞ்சு வைத்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கல். மோதிரக் கடையில்கூட இவ்வளவு மரியாதையாக வைக்க மாட்டார்கள்.

"எங்க புடிச்சீங்க இத?"

"ஒரு டூரிஸ்ட்டு பழைய ஷூவக் கழட்டிப் போட்டுட்டுப் போனான். உதறுனேன், விழுந்துச்சு."

"எதுக்குக் காட்டுனீங்க?"

"கேக்குறாங்க மாப்ள. கல்லுன்னு சொன்னீங்களே, எங்க கல்லுன்னு டீக்கடையில தெனம் கேக்குறாங்க. ஒரு பொய்யப் பெத்துட்டா அதுக்குச் சோறும் போடணும்ல."

வடகவுஞ்சிக்காரர் சொன்னதைச் சொன்னேன். மச்சானின் சிரிப்பு நின்றது. தீப்பெட்டியை மூடினார், திறந்தார், மூடினார்.

"நீங்க போயிச் சொல்லுங்க மச்சான். அது ஷூவுல விழுந்த கல்லுன்னு. நான் சொன்னா அவரு நம்பல."

"தனியாக் கூப்பிட்டு மெதுவாச் சொல்லிருவோம்."

"தனியாச் சொன்னா, நான் சொல்லச் சொன்னேன்னு நெனப்பாரு. எல்லாருக்கும் காட்டுனீங்கள்ல, எல்லாருக்கும் முன்னாடி சொல்லுங்க."

"பஜார்ல என் பேரு என்னாகும்? அப்புறம் இது தோல் செருப்புன்னு சொன்னாக்கூட எவன் நம்புவான்?"

"இப்ப மட்டும் அது தோலா?"

மச்சான் தீப்பெட்டியை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினார்.

நானே சொல்லிப் பார்த்தேன். டீக்கடையில் நின்று, எனக்குக் கேன்சர் என்று எல்லோரிடமும் சொன்னேன். பயந்ததைப் போல எதுவும் நடக்கவில்லை. டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சர்க்கரை போடலாமா, கூடாதா என்று கேட்டார். அவ்வளவுதான். ஆனால் வடகவுஞ்சிக்காரர் அன்றைக்கு அங்கே இல்லை. விஷயம் காதுக்குப் போனபோது, பாய்க்கு ஏதோ கடுப்பு, அதான் இப்படிப் பேசுகிறார், கல்லை நான் பார்த்தேன் என்றாராம். போன ஞாயிறும் சந்தைக்கு வந்தார். இன்னும் தண்டுச் சாறுதான். இன்னும் செவப்புதான்.

நான்கு புதன் முடிந்துவிட்டது எனக்கு. இன்னும் இரண்டு. நான்காவது தடவை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொடாமல் போய் முழுதாக இரண்டு மணி நேரம் அடக்கினேன், நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள் மச்சான். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, எரிந்தது. என் பாடு எப்படியும் ஒரு கேமராவில் தெரிந்துவிடும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த மனிதருக்கு ஸ்கேன்கூட எடுக்கவில்லை. அவருக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் நிற்பது உங்கள் தீப்பெட்டி.

மூன்று முறை தனியாகக் கேட்டேன். மூன்று முறையும் பார்க்கலாம் மாப்ள என்றீர்கள். அதனால்தான் இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன். இது வருவதற்குள் நீங்கள் சொல்லிவிட்டால், உங்கள் கடை வாசலில் நின்று எல்லோர் முன்னாலும் இந்தப் பக்கங்களைக் கிழிக்கிறேன். இல்லாவிட்டால் இது வந்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, சந்தை நிறைந்திருக்கிற பத்து மணிக்கு, நீங்கள் தீப்பெட்டியைக் காட்டிய அதே டீக்கடை முன்னால் நில்லுங்கள். வடகவுஞ்சிக்காரரை நான் கூட்டிவருகிறேன், அவரை மதுரைக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போக வேனுக்கு டீசல் போட்டு வையுங்கள். பெட்டியைத் திறந்து அவர் கையில் கொடுங்கள். நான் கேட்பேன், மச்சான்: இந்தக் கல் எங்கிருந்து வந்தது? சந்தையில் வாழைத்தார் இறக்குகிறவர் வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.